ஈம் கிராமத்துத் தேவாலயமும் கல்லறைத் தோட்டத்தில் இல்லாதவர்களும்

அக்டோபர் 4, 2024, வெள்ளி: கிரின்டில்ஃபோர்டிலிருந்து மலைச்சாலை வழியே

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலிருந்து மேற்கே செல்லும் ரயில், டாட்லி சுரங்கப்பாதையின் மூன்றரை மைல் இருட்டைக் கடந்து வெளியே தலைகாட்டியதும் நிற்கும் நிலையம் கிரின்டில்ஃபோர்ட். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாரல். இங்கிருந்து ஈம் கிராமத்துக்கு மூன்று மைல்தான் என்பதால் பேருந்தை நம்பி வந்தோம், அது வரவில்லை. எங்களுடன் நிறுத்தத்தில் காத்திருந்த முதியவர், கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல், இனி வராது என்று அறிவித்துவிட்டுத் தம் நாயுடன் நடந்து போய்விட்டார். ஷெஃபீல்டில் முதுகலை படிக்கும் என் அக்கா மகள் யாழினி கைப்பேசியைப் பார்த்து, "நடந்தே போயிடலாம் மாமா, ஒரு மணி நேரம்தான் காட்டுது" என்றாள். அந்த ஒரு மணி நேரம் சமதரைக்கான கணக்கு என்பதைக் கைப்பேசி சொல்லவில்லை.

பாதை மலைமேல் ஏறியது. இரு புறமும் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள், அவற்றுக்கு அப்பால் மழையைப் பொருட்படுத்தாத ஆடுகள், அதற்கும் அப்பால் மூடுபனி. காலுறை நனைந்து, பேச்சும் நின்றுபோன நிலையில், ஊருக்குச் சற்று மேலே, சாலையோரத்தில் வேலியிட்ட ஒரு சிறு நீரூற்றைக் கண்டோம். மொம்பெசன் கிணறு என்று வரைபடங்களில் குறித்திருப்பது இதைத்தான். கிணறு என்ற பெயருக்கு இது பெரிய மரியாதை. தரையோடு தரையாகக் கல்லால் கட்டிய ஒரு தொட்டி, அவ்வளவே. 1666ஆம் ஆண்டு இவ்வூர் கொள்ளைநோயில் சிக்கித் தன்னைத்தானே அடைத்துக்கொண்டபோது, வெளியூர்க்காரர்கள் ரொட்டியையும் மருந்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகிச் சென்ற இடங்களில் இதுவும் ஒன்று. விலைக்கான நாணயங்களை ஊர்க்காரர்கள் ஓடும் நீரில் போட்டு வைத்தார்களாம்.

கதையின் சுருக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1665ஆம் ஆண்டின் கோடையில் லண்டன் பிளேக்கில் மடிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஈமில் ஒரு தையல்காரரின் வீட்டுக்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. ஜார்ஜ் விக்கார்ஸ் என்ற உதவியாள் ஈரமாக இருந்த துணியைப் பிரித்து அடுப்பருகே உலர்த்தினார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே அவர் இறந்தார். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது இன்றைய விளக்கம். அன்று யாருக்கும் அது தெரியாது. பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்த பிறகு, அதைத் தெள்ளுப்பூச்சி பரப்புகிறது என்பதை 1898இல் கராச்சியில் சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் சோதித்துக் காட்டினார். எனவே ஈம் மக்கள் எதை எதிர்த்து நிற்கிறோம் என்று அறியாமலேயே எடுத்த முடிவு இது: 1666ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நோய் அண்டை ஊர்களுக்குப் பரவாதிருக்க, ஊர் எல்லையை விட்டு எவரும் வெளியேறுவதில்லை என்று உறுதி செய்தார்கள். நவம்பர் முதல் தேதி கடைசி மரணம் நிகழ்ந்தபோது, பாதிரியார் வில்லியம் மொம்பெசனின் கணக்குப்படி 76 குடும்பங்களில் 259 பேர் இறந்திருந்தார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகை 350 என்பது பழைய நூல்களின் கணக்கு. அதைப்போல் இருமடங்கு இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து.

இரவு உணவு ஊர் மதுக்கடையில். சைவம் என்றதும் பணிப்பெண் முகம் சுளிக்காமல் பட்டியலைத் தானே புரட்டி, பாலாடைக்கட்டியும் வெங்காயமும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம் ஒன்றைக் காட்டினார். மசித்த பச்சைப் பட்டாணி, தடித்த உருளைக்கிழங்கு வறுவலுடன் 15 பவுண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று யாழினி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள், பெருக்கிப் பார்த்தேன். எங்கள் நனைந்த காலணிகளைக் கண்ட கடைக்காரர், கேட்காமலேயே பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து, உள்ளே திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் வற்றும் என்றார்.

அக்டோபர் 5, சனி: புனித லாரன்ஸ் தேவாலயம்

காலை உணவுக்கு டார்பிஷர் ஓட்ஸ் ரொட்டி. புளித்த ஓட்ஸ் மாவைக் கல்லில் ஊற்றி எடுக்கும் இந்த ரொட்டி, ஓரம் மெலிந்து நடுவில் துளைகளுடன், நம் ஊத்தப்பத்தின் தூரத்து உறவினர் போலவே இருந்தது. காளானும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தந்தார்கள். இந்நாட்டில் நான் சாப்பிட்டவற்றுள் மனமாரப் பாராட்டக்கூடியது இது ஒன்றே.

தேவாலயம் ஊரின் முக்கியத் தெருவின் நடுவில், எலுமிச்சை இனப் பெயரைத் தாங்கினாலும் அதனோடு தொடர்பற்ற லைம் மரங்களின் நிழலில் நிற்கிறது. வாயிலுக்குப் பக்கத்திலேயே, விக்கார்ஸ் துணியைப் பிரித்த வீடு உட்பட, கொள்ளைநோய் தொடங்கிய வீடுகள் வரிசையாக உள்ளன. இன்றும் மக்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். வாசலில் நட்டிருக்கும் பச்சைப் பலகையில் அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள். அதற்குப் பின்னால் சன்னலில் பூந்தொட்டி, குப்பைத்தொட்டி, ஒரு சிறுவனின் மிதிவண்டி. விக்கார்ஸுக்கு இடம் கொடுத்திருந்த மேரி கூப்பர் தம் இரு மகன்களையும் இழந்தார், தாம் பிழைத்தார். சுற்றுலாப் பயணிகள் சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதைத் தவிர்க்கும்படி எவரும் எழுதி வைக்கவில்லை. இருந்தும் எல்லோரும் தெருவின் மறுபுறம் நின்றுதான் படம் எடுத்தார்கள்.

தேவாலயத்தினுள் நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே மெழுகும் பழைய மரமும் ஈரக் கல்லும் கலந்த வாசனை. தூண்களுக்கு மேலே, வளைவுகளின் இடையே, இஸ்ரயேலின் பன்னிரு கோத்திரங்களின் சின்னங்களைத் தீட்டிய பழைய சுவரோவியங்கள் மங்கலாகத் தெரிகின்றன. 1985இல் வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் கொள்ளைநோய்க் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்கிறது: துணிப்பொதி, நோயாளி, பாதிரியார், பிறகு எம்மட் சிடால் என்ற பெண்ணும் அடுத்த ஊரான ஸ்டோனி மிடில்டனைச் சேர்ந்த அவளுடைய காதலன் ரோலண்டும். பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் நின்று ஒருவரையொருவர் பார்த்துவந்தார்கள் என்றும், 1666 ஏப்ரல் இறுதியில் அவள் வராமற்போனாள் என்றும், ஊர் திறந்தபோது முதலில் ஓடிவந்தவன் அவன்தான் என்றும் சொல்கிறார்கள். கண்ணாடி அழகாக இருக்கிறது. சற்று அதிகமாகவே அழகாக இருக்கிறது என்பது என் கருத்து.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இறந்தோரின் பெயர்ப் பதிவேடு. இங்கிலாந்தின் ஒவ்வொரு தேவாலயப் பங்கும் திருமுழுக்கையும் திருமணத்தையும் அடக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். அந்த ஆணை இல்லையென்றால் ஈம் கதையில் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும், பெயர்கள் மிஞ்சியிருக்காது. 1666 ஆகஸ்ட்டில் மட்டும் 78 பேர். ஒரே குடும்பப் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கைந்து வரிகள் இறங்குவதும், பிறகு அந்தப் பெயர் திரும்ப வராமலேயே போவதும் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது இருக்கும் ஏடு அன்றன்று எழுதிய மூலம் அன்று, 1705 வாக்கில் எடுத்த படி. கதையின் பல பகுதிகள் இந்தப் படியையும், பேரன்மார் காலத்து நினைவுகளையும் நம்பியே நிற்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் படி எடுக்கப்பட்ட காலத்தில் பாதிரியாராக இருந்தவர் ஜோசப் ஹன்ட். ஊரார் இவரைப் பற்றிச் சொல்லும் கதைக்கும் பிளேக்குக்கும் தொடர்பில்லை என்றாலும் அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுடன் குடித்துக்கொண்டிருந்தபோது விளையாட்டாக மதுக்கடைக்காரர் மகளுடன் திருமணச் சடங்கை நடத்திக்கொண்டாராம். பேராயர் அதை உண்மையான திருமணமாகவே நடத்தும்படி பணித்துவிட்டார். ஏற்கெனவே இவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த டார்பி நகரத்துப் பெண் வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற ஆட்கள் தேவாலயத்துக்குள் கை வைக்க மாட்டார்கள் என்பதால், பாதிரியார் தேவாலயத்தை ஒட்டி அறை கட்டி அதிலேயே குடித்தனம் நடத்தி வாழ்ந்து முடித்தாராம். கொள்ளைநோய்க் கதையைத் தணிந்த குரலில் சொன்ன தன்னார்வலர், இதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

பிற்பகல் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் கழிந்தது. மழை விட்டிருந்தாலும் புல் கணுக்கால்வரை நனைத்தது. தோட்டத்தின் மிகப் பழைய பொருள், தேவாலயத்தைவிடவும் பழையது, ஒரு கற்சிலுவை. 8ஆம் அல்லது 9ஆம் நூற்றாண்டில் ஆங்கிலோ சாக்சன் சிற்பிகள் செதுக்கியது. கொடிச்சுருள்கள், தேவதூதர்கள், குழந்தையை ஏந்திய மரியாள். தண்டின் மேல்பகுதி காணாமற்போய்விட்டதால், தலைப்பாகம் நேராகக் கீழ்த்தண்டின்மேல் உட்கார்ந்து, கழுத்தில்லாத மனிதர் போலக் குட்டையாகத் தெரிகிறது. இத்தகைய சிலுவைகளில் தலைப்பாகம் தப்புவது அரிது என்பதால் குறை சொல்ல இடமில்லை. 18ஆம் நூற்றாண்டில் இது தோட்டத்தின் மூலையில் புல்லுக்குள் கிடந்ததாகவும், சிறைச்சாலைச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹாவர்ட் வந்து பார்த்துச் சொன்ன பிறகே நிமிர்த்தி வைத்ததாகவும் கூறுவர்.

சிலுவைக்கு அருகே கேத்தரின் மொம்பெசனின் கல்லறை. மேசை போன்ற அமைப்பு, ஒரு முனையில் இறக்கை முளைத்த மணற்கடிகாரமும், எச்சரிக்கையாயிருங்கள், நேரத்தை அறியீர்கள் என்ற லத்தீன் வாசகமும், மறுமுனையில் மண்டையோடு. பாதிரியாரின் மனைவியான இவர் தம் இரு குழந்தைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தாம் கணவருடன் தங்கி, நோயாளிகளைக் கவனித்து, 1666 ஆகஸ்ட் 25ஆம் நாள், 27ஆம் வயதில் இறந்தார். கணவருடன் நடந்து வரும்போது காற்று எவ்வளவு இனிமையாக மணக்கிறது என்று அவர் சொன்னதாகவும், இல்லாத இனிய மணம் தெரிவது நோயின் அறிகுறி என்று அறிந்திருந்த கணவர் அப்போதே நடுங்கிப்போனதாகவும் ஒரு செய்தி உண்டு.

மற்றவர்கள் எங்கே என்று தேடினேன். 18, 19ஆம் நூற்றாண்டுக் கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன; ஈயச் சுரங்கங்களால் பிழைத்த ஊர் இது, அந்தப் பணத்தில் நல்ல சிற்பிகளை அமர்த்தியிருக்கிறார்கள். 1927இல் மறைந்த டார்பிஷர் கிரிக்கெட் வீரர் ஹாரி பாக்ஷாவின் கல்லில், பந்து பட்டுச் சிதறும் ஸ்டம்புகளும், மேலே நடுவரின் உயர்த்திய விரலும் செதுக்கியிருக்கக் கண்டு யாழினி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஆனால் கொள்ளைநோயில் இறந்தவர்களுடையது என்று தோட்டத்தில் எங்கள் கண்ணுக்குப் பட்டது கேத்தரினின் கல்லறை ஒன்றே. முதல் மாதங்களில் இறந்தவர்களை இங்கேதான் புதைத்திருப்பார்கள். தையல் உதவியாளுக்கும் கூலிக்காரருக்கும் கல் நாட்ட யாரிடம் பணம் இருந்தது? ஜூனுக்குப் பிறகோ, இறந்தவரை அவரவர் குடும்பத்தினரே, அவரவர் தோட்டத்திலும் வயலிலும், சடங்கின்றிப் புதைக்க வேண்டும் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. ஆகவே, அந்த முடிவுக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு இறந்த கேத்தரின் இங்கே இருப்பதுதான் விதிவிலக்கு. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் உலகெங்கிலுமிருந்து வருகிறவர்கள் இந்தக் கல்லறைக்குமுன் நின்று வணங்கிவிட்டு, கொள்ளைநோய்க் கல்லறையைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிப் போகிறார்கள். அது பொருத்தமாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் அங்கே நினைவுக்கு வந்தது. அதே 1666ஆம் ஆண்டில்தான், இறந்தவர்களை இங்கிலாந்தின் கம்பளித் துணியில் மட்டுமே சுற்றிப் புதைக்க வேண்டும் என்று, ஆட்டுரோம வணிகத்தைக் காக்க, நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. துணிப்பொதியால் சாவு புகுந்த ஊர், சவத்துணிகூட இல்லாமல் வயலில் குழி தோண்டிக்கொண்டிருந்த ஆண்டு அது.

அக்டோபர் 6, ஞாயிறு: அறுப்பின் பண்டிகையும் கக்லெட் டெல்ஃபும்

இன்று அறுவடை வழிபாடு என்று நேற்றே அறிவிப்புப் பலகையில் பார்த்திருந்தோம். பாளையங்கோட்டைப் பக்கத்து ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை என்றால் வாழைத்தாரும் சேவலும் ஏலம் போவதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அந்த ஆரவாரத்தை எதிர்பார்த்துப் போனேன். இங்கே பீடத்தின்முன் பூசணிக்காய், ஆப்பிள், கதிர்க்கட்டு வடிவில் சுட்ட ரொட்டி, இவற்றுடன் அவரைக்காய் டப்பாக்களும் பாஸ்தாப் பொட்டலங்களும். ஏலம் கிடையாது. எல்லாம் வறியவர்களுக்கான உணவு வங்கிக்குப் போகும் என்றார்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். பாட்டுப்புத்தகத்தில் பக்கம் தெரியாமல் நான் விழித்தபோது, முன்வரிசை அம்மையார் திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டி என் புத்தகத்தை வாங்கிச் சரியான பக்கத்தைத் திறந்து திருப்பித் தந்தார்.

வழிபாட்டுக்குப்பின் தேநீர், கேக். விலை சொல்லவில்லை, தட்டில் விரும்பியதைப் போடலாம். அப்போதுதான் தெரிந்துகொண்டேன், அரசரையே தலைவராகக் கொண்ட திருச்சபையின் கட்டடம் என்றாலும் இதன் கூரைக்கும் சுவருக்கும் ஆகும் செலவை அரசு ஏற்பதில்லை, பங்கு மக்களே திரட்ட வேண்டும் என்று. நாட்டில் பல கிராமத்துத் தேவாலயங்களின் கூரையிலிருந்து ஈயத்தகடுகளைத் திருடர்கள் இரவோடிரவாக உரித்துச் செல்கிறார்களாம். எண்ணூறு ஆண்டுப் பழமையைத் தேநீரும் கேக்கும் விற்றுக் காப்பாற்றுகிறோம் என்று ஒருவர் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள், புலம்பல் தொனி இல்லாமல்.

வெளியே வந்தபோது, இரண்டு நாளாக முகம் காட்டாத சூரியன் வந்திருந்ததால், தெற்குச் சுவரில் 1775இல் பதித்த பெரிய சூரியக்கடிகாரம் வேலை செய்துகொண்டிருந்தது. உள்ளூர் நேரத்தை மட்டுமல்லாமல் தொலைதூர நகரங்களின் நண்பகலையும் காட்டும்படி கோடுகள் வரைந்த சிக்கலான அமைப்பு. என் கைக்கடிகாரத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. பழுதன்று, கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் ஏற்பாடு சூரியனுக்குத் தெரியாது.

பிறகு கக்லெட் டெல்ஃபுக்கு நடந்தோம். கூட்டமாக ஓரறையில் அடைந்திருந்தால் நோய் பரவும் என்று கருதி, 1666 கோடையில் தேவாலயத்தைப் பூட்டிவிட்டு இந்தப் பள்ளத்தாக்கில்தான் வழிபாடு நடத்தினார்கள். குடும்பம் குடும்பமாக, இடைவெளிவிட்டுப் புல்தரையில் நின்றார்கள். சுண்ணாம்புப் பாறையின் வளைவொன்றில் நின்று பாதிரியார் பேசினார். இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று இங்கே நினைவு வழிபாடு நடக்கிறது. 2020ஐ வாழ்ந்து கடந்தவர்களுக்கு இடைவெளி, திறந்தவெளி, எல்லை என்ற மூன்றையும் விளக்க வேண்டியதில்லை. சரிவில் இறங்கும்போது யாழினி வழுக்கிச் சேற்றில் அமர்ந்துவிட்டாள். எதிரே வந்த தம்பதியர் கைகொடுத்துத் தூக்கி, சேறு காய்ந்த பிறகு தட்டினால் போய்விடும், இப்போது துடைத்தால் போகாது என்று அறிவுரையும் தந்தார்கள்.

பாறை வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் எழுந்தது மொம்பெசனைப் பற்றிய எண்ணம் அன்று, தாமஸ் ஸ்டான்லியைப் பற்றியது. அரசரின் வழிபாட்டு நூலை ஏற்க மறுத்ததற்காக 1662இல் பதவி பறிக்கப்பட்ட பழைய பாதிரியார் இவர். மக்களின் மதிப்பு இவர் பக்கமே இருந்தது. 1664இல் வந்த மொம்பெசனோ இருபதுகளில் இருந்த புதியவர், அரசரின் ஆள். எவரும் ஊரைவிட்டு ஓட வேண்டாம் என்று புதியவர் மட்டும் சொல்லியிருந்தால் சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. சமயப்பிளவால் ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்கக் கூடாத இருவரும் சேர்ந்து நின்றதால்தான் ஊர் நின்றது. சுற்றியுள்ள நிலங்களின் உரிமையாளரான டெவன்ஷயர் பிரபு, சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து உணவு அனுப்ப ஒப்புக்கொண்டதும் ஒரு காரணம். சோறு வரும் என்ற உறுதி இல்லாமல் தியாகம் மட்டும் ஐந்து மாதம் தாங்கியிராது. வசதியுள்ள சிலர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டிருந்தார்கள். போக இடமில்லாதவர்களின் உறுதியை, போகத் தெரிந்தும் போகாதவர்களின் உறுதியோடு ஒரே எடையில் நிறுப்பது கடினம். 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களும் போதகர்களும் அந்தச் சிக்கலைப் பொருட்படுத்தாமல் எல்லோரையும் ஒரே அளவில் வீரர்களாக்கிவிட்டார்கள்.

வீரம் என்று சொல்ல முடியாதவையும் நடந்தன. மார்ஷல் ஹோ என்பவர் நோய் வந்து பிழைத்தவர். மீண்டும் வராது என்ற நம்பிக்கையில், ஆளற்ற வீடுகளின் பிணங்களைக் கயிறு கட்டி இழுத்துப் புதைத்தார், கூலியாக அந்த வீடுகளின் பொருள்களை எடுத்துக்கொண்டார். பிறகு அவருடைய மனைவியும் மகனும் நோயில் இறந்தார்கள்.

இரவு குளிர் திடீரென்று கூடியது. தங்கிய வீட்டில் வெப்பமூட்டியை இயக்கும்படி கேட்கத் தயங்கினோம். வீட்டு அம்மையார் தாமாகவே சுடுநீர்ப் பைகளைக் கம்பளித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், வெப்பமூட்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்: ரைலி வயல், எல்லைக்கல், ஸ்டோனி மிடில்டன்

ஊரிலிருந்து கிழக்கே அரை மைல் ஏறினால், மேய்ச்சல் நிலத்தின் நடுவில் வட்டமாகக் கட்டிய சிறு மதில். அதனுள் ஒரு மேசைக்கல்லறையும் சில குத்துக்கற்களும். ரைலி கல்லறைகள் என்று பெயர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண், 1666 ஆகஸ்ட்டில் எட்டு நாள்களுக்குள் தம் கணவரையும் ஆறு குழந்தைகளையும் தாமே இழுத்துவந்து தாமே குழி தோண்டிப் புதைத்த இடம். எதிர்மலையிலிருந்து ஸ்டோனி மிடில்டன் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இறங்கி வரவில்லை, வரவும் முடியாது. கற்களில் கணவர், பிள்ளைகளின் பெயர்கள் உள்ளன. எலிசபெத்தின் பெயருக்கு இங்கே வேலையில்லை. அவர் பிழைத்து, ஷெஃபீல்டில் இருந்த மகனிடம் போய்விட்டார்.

வேலியில் சிறு கதவு, ஒரு அறிவிப்பு, சுற்றிலும் ஆடுகள். நாங்கள் இருந்த வேளையில் வேறு எவரும் வரவில்லை. தேவாலயத்தில் சனிக்கிழமை பார்த்த கூட்டத்தில் பத்தில் ஒருவராவது இந்த ஏற்றத்தை ஏறியிருப்பார்களா என்று யாழினி கேட்டாள். ஏறுவதற்குச் சிரமம் ஒன்றுமில்லை, நேற்றைய சேற்றோடு ஒப்பிட்டால் இது ராஜபாட்டை. தேவாலயம் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் இருக்கிறது, இது இல்லை, காரணம் அவ்வளவுதான்.

திரும்பி ஊருக்குள் வந்து, தேநீர்க்கடையில் ஸ்கோன் என்ற சிறு ரொட்டி ஒன்றும் ஒரு கெட்டில் தேநீரும் ஆறரை பவுண்டுக்கு வாங்கிப் பகிர்ந்துகொண்டு, வயல்கள் வழியே எல்லைக்கல்லுக்கு நடந்தோம். ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில் கிடக்கும் பெரிய பாறை அது. மேலே ஆறு குழிகள். அவற்றில் காடியை (வினிகரை) நிரப்பி நாணயங்களைப் போட்டு வைத்தார்கள், காடி நோயைக் கொல்லும் என்று நம்பி. இப்போது குழிகளில் மழைநீரும், பயணிகள் போட்டுச் சென்ற செப்புக் காசுகளும். குழியின் விளிம்புகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தன. என்னிடமிருந்த ஒரு பென்னியைப் போடலாமா என்று யோசித்தேன். யாருக்கு விலை கொடுக்கிறோம் என்று தெரியாமல் போடுவதில் பொருளில்லை என்று சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

கீழே ஸ்டோனி மிடில்டனில் புனித மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது. 1759இல் எண்கோண வடிவில் திரும்பக் கட்டிய கூடத்தைப் பழைய கோபுரத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். வேறெங்கும் பார்க்காத வடிவம், ஈமைவிட இதன் கட்டடக்கலை எனக்குப் பிடித்தது. கொள்ளைநோய்க் காலத்தில் ரொட்டியைச் சுமந்து எல்லைக்கல்வரை ஏறியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

மொம்பெசனின் பிற்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். நாட்டிங்ஹாம்ஷரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, நோயைக் கொண்டுவந்துவிடுவார் என்று அஞ்சிய அவ்வூரார் அவரைச் சேர்க்கவில்லை. ரஃபோர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் சில காலம் தங்க நேர்ந்தது. தம் ஊரை அடைத்து மற்ற ஊர்களைக் காத்தவரை, மற்றொரு ஊர் வெளியே நிறுத்திவிட்டது.

பேருந்து இம்முறை வந்தது. அப்போது, 2024இல், ஆளுக்கு இரண்டு பவுண்டு, எவ்வளவு தூரமானாலும். நிறுத்தத்தில் இறங்கிய நடுவயதுக்காரர் ஒருவர், மழைக்கோட்டில் எங்களைக் கண்டு மலையேறிகள் என்று எண்ணினார் போலும், ஈமின் கல்லறைத் தோட்டத்தில் கொள்ளைநோயில் இறந்தவர்களைப் புதைத்த பகுதி எந்தப் பக்கம் என்று கேட்டார். அங்கே எங்கள் கண்ணுக்குப் பட்டது பாதிரியாரின் மனைவியின் கல்லறை ஒன்றே, தேவாலயத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்கே அரை மைல் ரைலி வயலுக்கு ஏறுங்கள், லிட்கேட் தெருப் பக்கம் டார்பி குடும்பத்துத் தந்தை மகளின் கற்களையும் பாருங்கள் என்று யாழினி வழி சொன்னாள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.